மலச்சிக்கலும் மலைக் கடுக்காயும்



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேச வருகிற ஆள், இன்றைக்கு வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போகிற வழியில் உள்ள ஊர்களிலும் சரி, கீழே கள்ளக்குறிச்சி சுற்று வட்டாரத்திலும் சரி, விவசாயிகள் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு யாராவது ஒருத்தர் மட்டும் பின்னால் நிற்பார். உரத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று பார்த்தால், கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "ஐயா, மூணு நாளா கொல்லைக்கே போகல. கடுக்காய் சாப்பிடலாமா, விளக்கெண்ணெய் குடிக்கலாமா?" என்பார். நாலு பேர் நடுவே கேட்கக் கூச்சம். தாய்மார்கள் அது கூடக் கேட்க மாட்டார்கள். அவதியை மனசிலேயே வைத்துக்கொண்டு நடவுக்குப் போய்விடுவார்கள்.

நான் டாக்டர் இல்லை. விவசாயம் படித்தவன். ஆனால் இந்த உபத்திரவத்தின் பாதி நம்முடைய வயலிலும் அடுப்படியிலும்தான் பிறக்கிறது. அந்தப் பாதியைப் பற்றி நான் சொல்லலாம். மீதிப் பாதிக்கு எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எது மலச்சிக்கல்?

"தினம் ஒரு தடவை போகாவிட்டால் மலச்சிக்கல்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சிலருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, சிலருக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. இரண்டுமே இயல்புதான். வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது, ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகிப் போவது, முக்கி முக்கித் தவிப்பது, போய் வந்தும் வயிறு காலியாகாத மாதிரி இருப்பது, இவைதான் மலச்சிக்கல்.

உள்ளே என்ன நடக்கிறது? நமக்குத் தெரிந்த வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வாய்க்கால். அதற்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் கலந்த சக்கை வருகிறது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருகிறது. கடைசியில் மலத்தோடு போகிற தண்ணீர் அரை டம்ளர் அளவுதான். சக்கை மெதுவாக நகர்ந்தால் குடல் இன்னும் உறிஞ்சும், மலம் கல்லாகும். தண்ணீர் வரத்துக் குறைந்து, ஓட்டமும் குறைந்தால் வாய்க்காலில் வண்டல் இறுகுவது போலத்தான்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது மூன்று. தண்ணீர் வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நார் வேண்டும். உந்துதல் வந்த நேரத்தில் போக வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிப் பேருக்கு மருந்தே வேண்டாம்.

சாமை குறைந்தது, சிக்கல் கூடியது

மலையில் வயதான பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிறு வயதில் வீட்டில் சாமைச் சோறு, தினைக் களி, கேழ்வரகுக் கூழ். அரிசிச் சோறு என்பது விருந்துக்கு. பிறகு காடு கழனியில் மரவள்ளி வந்தது. கிழங்கு லாரி ஏறி சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது, கையில் பணம் வருகிறது. அந்தப் பணத்துக்குக் கடையில் அரிசி, ரேஷனில் அரிசி. பசி தீர்ந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டில் நார் குறைந்து போனது.

கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம் கூட இல்லை. சாமையில் சுமார் ஏழரை கிராம். கேழ்வரகில் சுமார் 11 கிராம். கறுப்புக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். முருங்கைக்கீரையிலும் கொய்யாப் பழத்திலும் ஏறக்குறைய 8 கிராம்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளையும் சேர்த்து 400 கிராம் வெள்ளை அரிசி பொங்கிச் சாப்பிட்டாலும், அதில் கிடைப்பது 11 கிராம்தான். குழம்பில் இரண்டு கத்தரிக்காய்த் துண்டு மிதந்தால் மீதி நிரம்பிவிடாது.

அதே வீட்டில் காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழ், மத்தியானம் 200 கிராம் சாமையில் சோறு, கூட ஒரு பிடி கீரை, சாயங்காலம் ஒரு கொய்யாப் பழம் என்று வையுங்கள். 30 கிராமைத் தாண்டிவிடும். எல்லாம் நம்ம மண்ணில் விளைகிற சரக்கு.

இது நம் ஊர்ச் சேதி மட்டும் இல்லை. டெனிஸ் பர்க்கிட் என்று ஒரு அறுவை சிகிச்சை டாக்டர், ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். தானியமும் கிழங்கும் பயறும் சாப்பிடுகிற அந்தக் கிராமத்து ஜனங்களின் மலத்தையும், தீட்டிய மாவில் ரொட்டி சாப்பிடுகிற இங்கிலாந்துக்காரர்களின் மலத்தையும் அவரும் சகாக்களும் எடை போட்டுப் பார்த்து, 1972-ல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். கிராமத்து ஜனங்களுடையது சுமார் நாலு மடங்கு கனம். வயிற்றுக்குள் தங்குகிற நேரமும் குறைவு. பெரிய டாக்டர் மலத்தை எடை போடக் கூச்சப்படவில்லை. நாம் பேசக் கூச்சப்படலாமா?

ஒரு எச்சரிக்கை. நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். வாரத்துக்கு ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை என்று மெதுவாகக் கூட்டுங்கள். சாமையை மெஷினில் கொடுக்கும்போது வெள்ளை வெளேர் என்று தீட்டச் சொல்லாதீர்கள்; தவிட்டோடு நாரும் போய்விடும்.

தாகத்தை அடக்குகிற தாய்மார்கள்

இப்போது சொல்லப் போவதை வீட்டு ஆண்களும், ஆள் வைத்து வேலை வாங்குகிற நிலக்காரர்களும் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

நடவுக்கும் களை எடுப்பதற்கும் வருகிற பெண்களிடம், "ஏம்மா, இந்த வெயிலில் தண்ணியே குடிக்காம இருக்கீங்களே?" என்று கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் வயதான ஒரு அம்மாதான், "குடிச்சா போவணும் சார். எங்க போறது?" என்றார். வயலில் மறைவு இல்லை. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை. நடுவே உந்துதல் வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள்.

உந்துதல் என்பது குடல் தருகிற சீட்டு. அடக்கினால் அது திரும்பிப் போய்விடும். தினமும் அடக்கிக்கொண்டே வந்தால் குடல் சீட்டு அனுப்புவதையே குறைத்துவிடும். அதற்குள் மலத்தில் இருக்கிற தண்ணீரும் வற்றிவிடும். பிறகு முக்கல், ஆசனவாயில் வெடிப்பு, ரத்தம், மூலம். கடுக்காயை மூட்டையாகத் தின்றாலும் இந்த நோய்க்கு அது பதில் ஆகாது. பம்புசெட் கொட்டகை ஓரத்தில் கழிப்பறை ஒன்று கட்டுங்கள். அதுவரைக்கும் நாலு கம்பு நட்டு, கீற்று வைத்து ஒரு மறைப்பும், ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள். பெரிய செலவில்லை.

வெயிலில் உழைக்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டராவது தண்ணீர் வேண்டும். மோர், நீராகாரம், கூழ் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். எழுந்த உடனேயும், ஆகாரம் வயிற்றில் விழுந்த உடனேயும் குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒரே வேளையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். குத்துக்காலிட்டு உட்காருவது நல்லது. மலக்குடல் வளைவு நேராகி, முக்கல் குறையும். முட்டி வலியால் மேல்நாட்டுக் கழிப்பறையில் உட்காருகிற பெரியவர்கள், காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் அதே பலன் கிடைக்கும்.

இனி கடுக்காய்க்கு வருவோம்

கல்வராயன் மலைக்கும் கடுக்காய்க்கும் உள்ள உறவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் மலையாளி இன மக்கள் காடு ஏறிப் பொறுக்கி வருகிற சரக்கு. அதில் உள்ள டானின் என்கிற துவர்ப்புப் பொருளுக்காகத் தோல் பதனிடும் தொழிலுக்கும் கடுக்காய் போகும். அதே காயில் மலத்தை இளக்குகிற குணமும் இருக்கிறது. சித்த வைத்தியம் இதைத் தாய்க்குச் சமமாகச் சொல்வது அதனால்தான்.

செய்முறை எளிது. நன்றாக முற்றி, கனமாக, பூச்சி துளைக்காத காயாக எடுங்கள். வெயிலில் காயவைத்து, தட்டி, உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்து எறிந்துவிடுங்கள். சந்தையில் ஒரு ஆயா, "சுக்குக்குத் தோலை எடு, கடுக்காய்க்குக் கொட்டையை எடு" என்று எனக்குப் பாடம் சொன்னார். மேல் சதையை மட்டும் இடித்து, சலித்து, ஈரம் படாத பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். இரவு படுக்கும் முன் அரை டீஸ்பூன் தூளை ஒரு டம்ளர் வெந்நீரில் கலந்து குடிக்கலாம். காலையில் தெரியும். கழிச்சலாகப் போனால் அளவைப் பாதியாக்குங்கள்.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவும் இதே வேலையைச் செய்யும். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

யாருக்குக் கடுக்காய் ஆகாது? கர்ப்பிணிகள் தொட வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஆகவே ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் கடுக்காய்க்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கடுக்காய் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. இருபது உலர்ந்த திராட்சையை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரோடு சாப்பிடலாம். நன்றாகப் பழுத்த பப்பாளி, வாழைத்தண்டுப் பொரியல், கீரை, இவை எல்லாம் கொல்லையிலேயே இருக்கிறது. மருந்துக் கடையில் இசப்கோல் என்று ஒரு உமி விற்கிறார்கள். குஜராத், ராஜஸ்தான் விவசாயிகள் பயிர் செய்வது. அது தண்ணீரை உறிஞ்சிக் கூழாக வீங்கி மலத்தை மெத்தென்று ஆக்கும். ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

நிலாவாரையும் விளக்கெண்ணெயும்

திருநெல்வேலிச் சீமையில் விளைகிற நிலாவாரை இலை உலகம் பூராவும் மருந்தாகப் போகிறது. வீரியமான சரக்கு. குடலைச் சாட்டை போட்டு விரட்டுகிற மாதிரி அது வேலை செய்யும். எப்போதாவது ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. "இயற்கை மருந்து, பக்க விளைவு இல்லை" என்று விளம்பரம் செய்கிற சூரணங்கள் பலவற்றில் இந்த இலைதான் இருக்கிறது. பாட்டில் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஊமத்தையும் இயற்கைதான்!

விளக்கெண்ணெய் அதைவிடக் கடுமை. ஆமணக்கு விதையில் ரைசின் என்கிற கொடிய விஷம் இருக்கிறது. முறையாக எடுத்த எண்ணெயில் அது வராது. ஆனால் விதையைத் தின்பதோ அரைத்துக் குடிப்பதோ உயிருக்கே ஆபத்து. வயல் ஓரத்தில் ஆமணக்கு போட்டவர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் குடிக்கவே கூடாது. கர்ப்பப்பை சுருங்கி வலி எடுத்துவிடும்.

இன்னொன்று. பிறந்த குழந்தைக்கு வயிறு சுத்தமாகட்டும் என்று வாயிலும் மூக்கிலும் எண்ணெய் விடுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். பிள்ளையையே இழக்க நேரிடலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை நாலைந்து நாள் போகாமல் இருந்தாலும், பால் நன்றாகக் குடித்து, வயிறு மெத்தென்று இருந்து, எடையும் கூடி வந்தால் பயமில்லை. பிறந்த முதல் நாளில் காட்டுமலம் போகாவிட்டால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம்.

வலிக்குப் பேதி மருந்து வேண்டாம்

இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். வயிறு கடுமையாக வலித்தால் பேதி மருந்து கொடுக்காதீர்கள்.

மலையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பதினேழு வயதுப் பையன். சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி என்றான். "மலம் கட்டியிருக்குது" என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். ராத்திரி வலி வலது அடிவயிற்றில் இறங்கியது, காய்ச்சல் வந்தது. மறுபடியும் விளக்கெண்ணெய். மறுநாள் கீழே கொண்டு போவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. ஆபரேஷன் செய்து பையன் பிழைத்தான். ஆனால் அந்த வருஷம் அவன் படிப்பும் போனது, வைத்தியச் செலவுக்குக் கிழங்கு விற்ற காசும் போனது. அவன் அப்பா என்னிடம், "நல்லது செய்யறதா நெனச்சித்தான் சார் குடுத்தோம்" என்றார். அவர் சொன்னது நிஜம். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வலி, காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பிக் காற்றுக் கூடப் பிரியாமல் இருப்பது, இவற்றில் எது மலச்சிக்கலோடு சேர்ந்து வந்தாலும் எதுவும் கொடுக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப் போடக் கூடாதவை சில உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பழக்கம் மாறுவது, வைத்தியம் பார்த்தும் மூன்று வாரத்தில் தீராதது. "மூலம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். குடலில் கட்டி இருந்தாலும் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம். தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், சில மாத்திரைகள், இவையும் மலத்தைக் கட்டும். கர்ப்பிணிகளுக்குத் தருகிற இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுத்து இறுகும். அதற்காக மாத்திரையைத் தூக்கி எறியாமல், தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டிக்கொண்டு, நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, நம்ம தொழில் விஷயம். மரவள்ளி போடுகிறவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஆடிப் பட்டத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று அரை ஏக்கர் சாமைக்கு ஒதுக்குங்கள். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் வெளியிட்ட ஏ.டி.எல்.1 சாமை இருக்கிறது. விதைக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். வீட்டுக் கொல்லையில் குளிக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில் ஒரு கொய்யா, ஒரு பப்பாளி, ஒரு முருங்கை நடுங்கள். பொறுக்குகிற கடுக்காயை எல்லாம் மூட்டை கட்டி விற்றுவிடாமல் வீட்டுக்கு ஒரு படி வையுங்கள். காய்க்காகக் கிளையை வெட்டாதீர்கள். அடுத்த வருஷமும் மரம் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பின்னால் தனியாக நிற்க வேண்டாம். முன்னால் வந்து எல்லார் எதிரிலும் கேளுங்கள். நீங்கள் கேட்டால், கேட்கக் கூச்சப்படுகிற பத்துப் பேருக்கும் பதில் கிடைக்கும்.